நாலு பேர் உட்காரும் வண்டி

நாலு பேர் உட்கார வேண்டும், பூபதி வைத்த கண்டிஷன் அது ஒன்றுதான். கலர் உன் இஷ்டம், கம்பெனி உன் இஷ்டம், சீட்டு மட்டும் நல்லா நீட்டமாப் பாரு அம்மிணி, நாமளும் புள்ளைங்களும் நாலு பேரு நெருக்காம உக்காரோணும் என்று நேற்று ராய்ப்பூருக்கு அந்தப்பக்கம் ஏதோ ஒரு காட்டிலிருந்து போனில் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் பின்னால் கம்ப்ரஸர் அலற ஆரம்பித்து அந்தக் கடைசிச் சொல்லைப் பாதியில் தின்றுவிட்டது. கோகிலவாணிக்கு அது பழகிப்போன சங்கதி. ரிக் வண்டிக்காரனைக் கட்டிக்கொண்டவளுக்குப் புருஷன் பேச்சைப் பாதி காதால் கேட்டு மீதியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். போர் போடும் எந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வடக்கே போனால், மழை பிடித்து நிலமெல்லாம் சேறாகிற வரைக்கும் அங்கேதான். ஆடிக்குத் திரும்பினால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த ஆடி. போன ஆடிக்கு வண்டியை ஒடிசாவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு முந்தின ஆடி முடிந்து போனவன்தான். இருபது மாசம் ஆகிறது. இந்த ஆடிக்குக் கட்டாயம் வருவானாம், நாலு பேரும் வண்டியில் பவானிக் கூடுதுறைக்குப் போவோமாம், அதற்குத்தான் இந்த வண்டி. சித்திரை மாசத்துச் சனிக்கிழமை மூன்று மணி வெயிலில், சங்ககிரி ரோட்டில் சாமியப்பனின் வண்டி கன்சல்டிங்கில், பழைய டூவீலர்களை வாங்கி விற்கிற அந்தத் தகரக் கொட்டகையில், இடுப்பில் லோகித்தும் கையில் தன்ஷிகாவுமாக அவள் நின்றாள். வண்டிகளெல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு வரிசையாக நின்று இவளைப் பார்த்தன, பொண்ணு பார்க்க வந்தவளைப் பொண்ணுகள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்கிற மாதிரி. சிரிப்பு வந்தது. இதை யாரிடம் சொல்ல என்று அடுத்த நொடியே தோன்றி, சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. இப்போதெல்லாம் அப்படித்தான். சிரிப்பு வருவதில் ஒரு குறைச்சலும் இல்லை, கொண்டுபோய்க் கொடுக்கத்தான் ஆள் இல்லை. ராத்திரி போனில் சொல்லலாம் என்று துப்பட்டா நுனியில் முடிந்து வைத்தால் அதற்குள் ஆறிப்போகிறது, ஆறிப்போன சிரிப்பைச் சுடவைக்கவா முடியும்.

"வூட்டுக்காரரு வரலீங்களா அம்மிணி?" என்றார் சாமியப்பன், துணியால் ஒரு டேங்கைத் துடைத்துக்கொண்டே. ரிக்குல இருக்காருங்க என்றாள். அப்பச் சரி என்றார், திருச்செங்கோட்டில் அதற்குமேல் விளக்கம் யாரும் கேட்பதில்லை, தெருவுக்கு நாலு வீட்டில் அதே பதில்தான். "அப்ப ஓட்டறது ஆருங்க?" "அவருதானுங்க." "அவரு எப்ப வர்றாரு?" "ஆடிக்குங்க." "இப்பச் சித்திரைதானுங்களே ஆகுது." "அதுக்குள்ள ஊசிப்போயிருமா, வண்டியென்ன சாம்பாருங்களா?" என்றாள் வெடுக்கென்று. அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். "ஊசித்தான் போவுமுங்க. ஓடற வண்டியவிட நிறுத்தி வெச்ச வண்டி வெரசலாக் கெட்டுப்போயிரும். டயரு காத்து எறங்கும், பேட்டரி செத்துப்போவும், எலி ஒயரைக் கடிச்சு வெச்சிரும்." அவர் தொழிலை அவர் சொன்னார், ஆனால் கோகிலவாணி லோகித்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள், கனக்கிறவன் அவன்தான் என்பதுபோல. ஆடி வரைக்கும் வண்டியை எங்கே நிறுத்துவது? அவர்கள் குடியிருக்கிற காம்பவுண்டில் ஆறு வீடு, ஐந்து வண்டி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியானால் ஒவ்வொன்றாகக் கிளம்பும். முதலில் கோடி வீட்டுச் சரண்யாவின் வண்டி, புருஷன், பெண்டாட்டி, நடுவில் பையன், டேங்கின்மேல் கைக்குழந்தை, குழந்தைக்குக் கறுப்புக் கண்ணாடி வேறு. ஒரு ரவுண்டு போயிட்டு வர்றோங்க்கா, வர்றீங்களா என்று கேட்பாள் சரண்யா. பாவம், மரியாதைக்குக் கேட்கிறவள்தான், வர்றேன் என்றால் எங்கே உட்கார வைப்பாள், ஹேண்டில் பாரிலா? அதையும் ஒருநாள் அவளிடமே சொல்லி ரெண்டு பேரும் சிரித்தார்கள். வண்டி போனது. புகை கலைந்தது. பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஐந்தரைக்கெல்லாம் காம்பவுண்டு துடைத்துவிட்ட பாத்திரம் மாதிரி ஆகிவிடும், குழாயடியில் காக்கை மட்டும். தன்ஷிகா கேட்டில் நின்றுகொண்டு, நாம எப்பம்மா ரவுண்டு போவோம் என்பாள். ரவுண்டு என்றால் எங்கே? எங்கேயும் இல்லை, மலைக்கோயில் அடிவாரம் வரை போய் ஒரு கோன் ஐஸ் வாங்கித் தின்றுவிட்டு வருவது. நடந்தே போகிற தூரம்தான். ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நடந்தே போய்ப் பார்த்தாள் ஒருநாள், ஐஸ் அதே ஐஸ்தான், ஆனால் அது ரவுண்டு இல்லை என்று தன்ஷிகா சொல்லிவிட்டாள், ஆறு வயசுக்கு இருக்கிற அறிவு. ஜூனிலிருந்து பள்ளிக்கூட வேனும் தெருவுக்குள் வராதாம், மெயின் ரோட்டுக்கு வந்து நிற்கணுமாம், அதுவும் ஒரு பக்கம் கிடந்து உறுத்துகிறது.

முன்னால் ஒரு வண்டி இருந்தது. கல்யாணமான புதிதில் பூபதியின் பின்னால் உட்கார்ந்து போகாத இடமில்லை, ஈரோடு, பவானி, ஒரு தடவை காரணமே இல்லாமல் மோகனூர் வரைக்கும். இந்த ஊர் மலைமேல் இருக்கிற சாமி பெண்டாட்டிக்குப் பாதி உடம்பைக் கொடுத்தவர். உன்ற மாமன் பாதி சீட்டுக் கொடுத்திருக்கறனே என்பான் பூபதி. அந்தப் பாதி சீட்டு இப்போது கொழுந்தன் வீட்டு வாசலில் நிற்கிறது. கடைசியாகக் கிளம்பின அன்றைக்குத்தான், பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டே, வண்டி இங்க சும்மா நின்னா துருப்புடிச்சுப்போயிரும், தம்பி எடுத்துட்டுப் போவட்டும் என்றான். சரிங்க என்றாள். ஏன் சரிங்க என்றாள்? இதை எத்தனையோ தடவை துணி அலசும்போதும் அரிசி களையும்போதும் யோசித்துப் பார்த்திருக்கிறாள், நூல் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து சிக்குகிறது. நான் ஓட்டுவேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் ஓட்டத் தெரியாதவளா? பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளில் முன்னால் ஒருத்தி பின்னால் ஒருத்தி வைத்து மேட்டில் மிதித்தவள். அண்ணனின் மொபெட்டில் ரெண்டு பால் கேன் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போய் வந்தவள், எட்டுப் போட்டு வாங்கின லைசென்ஸ் பீரோவில் கல்யாண ஆல்பத்துக்கு அடியில் கிடக்கிறது. ஆனால் பூபதிக்குத் தெரிந்த கோகி பின்னால் உட்கார்கிற கோகி. அவன் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு காற்றில் கண்ணை மூடிக்கொள்கிறவள். அவனுக்கு அது பிடித்திருந்தது, அவளுக்கும் பிடித்திருந்தது, பிடித்திருந்ததை எதற்குக் கலைப்பானேன் என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை, வண்டி போய்விட்டது. லோகித் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். இப்போது ரெண்டரை வயசு. ரோட்டில் ரிக் வண்டியைப் பார்த்தால் போதும், டாட்டா காட்டுவான். ஊருக்குள் திரும்பி வருகிற வண்டிக்கும் டாட்டாதான்.

சாமியப்பன் ஒரு கறுப்பு வண்டியை உருட்டிக்கொண்டு வந்து நடு வாசலில் மெயின் ஸ்டாண்டு போட்டார். ஒரே ஓனர், வாத்தியார் வண்டி, நாப்பதைத் தாண்டி ஓட்டியிருக்க மாட்டாரு என்றார். வண்டி நன்றாகத்தான் இருந்தது. அவள் குனிந்து டயரைப் பார்த்தாள், செயினைப் பார்த்தாள், டேங்குக்கு அடியில் விரலை விட்டு எண்ணெய் கசிகிறதா என்று தடவிப் பார்த்து மோந்தும் பார்த்தாள். அவள் கண்ணுக்குத் தேறின வண்டிதான். பூபதி அனுப்பின காசுக்கும் கட்டும். போனை எடுத்துப் போட்டோ பிடித்து அனுப்பினாள், ஒற்றை டிக்கோடு நின்றது. கூப்பிட்டாள், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் சொன்னாள். அவனிடம் பேசியதைவிட அவளிடம் பேசியதுதான் அதிகம், ஒருநாள் அவளையே சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிடலாம். "ஏறி உக்காந்து பாத்துருங்க அம்மிணி, நாலு பேருக்கு எடம் காணுமான்னு தெரிஞ்சிரும்" என்றார் சாமியப்பன். சரி என்று தன்ஷிகாவைத் தூக்கி டேங்குக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள், அவள் ரெண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள், முகமெல்லாம் பல். அப்புறம் லோகித்தைத் தூக்கிக்கொண்டு சுற்றிவந்து, சீட்டின் கடைசியில் கையூன்றி, ஒருக்களித்து ஏறி உட்கார்ந்து, மடியில் அவனை வைத்து, கால் வைக்கும் கம்பியில் காலை வைத்து, கொஞ்சம் நகர்ந்து, இன்னும் கொஞ்சம் நகர்ந்து, ஆங், இப்பச் சரி என்றாள். தன்ஷிகாதான் திரும்பிப் பார்த்து, "நீ ஏம்மா அத்தன தூரம் போயி உக்காந்திருக்கற?" என்றாள். அப்போதுதான் பார்த்தாள். அவளுக்கும் தன்ஷிகாவுக்கும் நடுவில் ரெண்டரை சாண் சீட்டு வெறுமனே கிடந்தது. யாரும் சொல்லாமலே அவள் உடம்பு அந்த இடத்தை அளந்து விட்டுவைத்திருந்தது, ஒரு விரற்கடை கூடாமல் குறையாமல். வெயில் அந்தக் கறுப்பு ரெக்ஸினின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. "எடமெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது, டிரைவரைத்தான் காணோம்" என்றார் சாமியப்பன், சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவளும் சிரித்தாள், சிரிக்கிற பழக்கம் சும்மா விடுமா. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானா அவன் முதுகு? அல்லது இப்போது இளைத்திருப்பானோ, தாபாச் சோற்றில் ஊதிப்போயிருப்பானோ? வீடியோ காலில் முகம் வருகிறது, மீசை வருகிறது, பின்னால் தார்ப்பாய் வருகிறது, முதுகு வருவதில்லை. முதுகைக் காட்டுங்க என்று கேட்டால் என்ன நினைப்பான், இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பான், கூட இருக்கிற பையன்கள் சிரிப்பார்கள். அவள் அந்த ஆளைப் படித்ததே முதுகிலிருந்துதான். கோபமா, களைப்பா, பாட்டு ஏதாவது மனசுக்குள் ஓடுகிறதா, எல்லாம் கன்னத்துக்குத் தெரியும். முகத்தில் அவ்வளவு எழுதியிருக்காது. கண்ணுக்கு எட்டாத இடத்தில் அந்த முதுகு யாருக்கும் தெரியாமல் மாறிக்கொண்டிருக்கிறது. ஆடிக்கு வந்து அவன் நடுவில் உட்காரும்போது இவள் விட்டுவைத்த இடம் அவனுக்குப் பொருந்தாமல் போய்விட்டால்? அதைவிட, ஆடிக்கு வராமல் போய்விட்டால்? லோகித் மடியிலிருந்து நழுவி அந்தக் காலி இடத்தில் கையை வைத்தான். சுட்டது போலிருக்கிறது, வெடுக்கென்று எடுத்துக்கொண்டு அழுதான்.

கீழே இறங்கி அவன் கையை ஊதிவிட்டாள், ஊதி முடித்த பிறகும் ஊதிக்கொண்டிருந்தாள். இந்த வண்டியை வாங்கினால் என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டது. காம்பவுண்டில் ஆறாவது வண்டியாக நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை துடைப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு நாலு பேர் உட்காரும் வண்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று பேர் கேட்டில் நிற்பார்கள். உயரமான வண்டி, அவளுக்கு ரெண்டு காலும் தரைக்கு எட்டாது, ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கியர் போட்டு ஓட்டுகிற தைரியம் சத்தியமாக இல்லை. வரிசையின் கோடியில், சுவர் ஓரமாக, நீலக் கலரில் ஒரு மொபெட் நின்றது. கொட்டகைக்குள் வந்தபோதே அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள் மாதிரி திரும்பிக்கொண்டிருந்தாள். இப்போது பிள்ளை அழுகையைச் சாக்கு வைத்து அந்தப் பக்கம் நடந்தாள். தாழ்வான வண்டி, முன்னால் காலுக்கு நடுவில் ஒரு குழந்தை நிற்க இடம், பின்னால் ஒரு குட்டி சீட்டு. இதில் யாரை ஏற்றலாம்? தன்ஷிகா ஒரு பால் கேன் கனம் இருப்பாள், லோகித் அரைக் கேன்தான். ஒன்றரைக் கேன். ரெண்டு கேனே ஓட்டியவளுக்கு ஒன்றரைக் கேன் எம்மாத்திரம். ஆனால் கேன் எட்டிப் பார்க்காது, மாடு மாடு என்று கையை நீட்டாது, கட்டிப்பிடித்துக் கிச்சுக்கிச்சு மூட்டாது. விழுந்தால் பால்தான் கொட்டும். விழுந்தால் தூக்க யாரிருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடமா சொல்வது, அவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார், தெரியும் தாயே. அதோடு போகிறதா, இதை எடுத்தால் பூபதிக்கு என்ன அர்த்தமாகும்? எனக்கு எடம் வெக்காம வண்டி எடுத்திருக்கறா என்று ஆகாதா? அவன் அங்கே நாப்பத்தஞ்சு டிகிரி வெயிலில் தூசியைத் தின்றுகொண்டு அனுப்புகிற காசு. அந்தக் காசில் அவனை விட்டுவிட்டு மூன்று பேருக்கு ஒரு வண்டி. காலியாகக் கிடந்தாலும் அந்த ரெண்டரை சாண் அவனுடையது, அதை அடைத்துவிட்டால் அவனை அடைத்த மாதிரி. ஆனால் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் நாளைக்கும் ஒரு அம்மாதான் இருக்கிறாள், அந்த அம்மாவுக்கு ஒரு வண்டி வேண்டியிருக்கிறதே.

"இத ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுங்களா?" என்று யாரோ கேட்டார்கள், கேட்டது அவள்தான். "தாராளமா. கொழந்தைங்கள நான் பாத்துக்கறேன், தண்ணி டேங்கு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துருங்க" என்றார் சாமியப்பன். "இவங்கள வெச்சு ஓட்டத்தானுங்க வண்டியே, இவங்கள எறக்கிட்டு ஓட்டிப் பாத்து என்ன கண்டேன்?" லோகித்தை முன்னால் நிற்க வைத்தாள், தன்ஷிகாவைப் பின்னால் ஏற்றி, இடுப்பைக் கெட்டியாப் புடி கண்ணு என்றாள். ஆக்ஸிலேட்டரை லேசாகத்தான் முறுக்கினாள், வண்டி ஒரு துள்ளு துள்ளி ரோட்டுக்கு வந்துவிட்டது. முதல் பத்தடிக்கு மூச்சே விடவில்லை. வண்டி ஆடியது, பிறகு ஆட்டம் நின்றது. காற்று வந்தது. பின்னாலிருந்து ரெண்டு சின்னக் கைகள் வயிற்றில் கோத்துக்கொண்டன, முதுகில் ஏதோ பட்டது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது என்னவென்று தெரிந்தது. தன்ஷிகா கன்னத்தை வைத்திருந்தாள். அவள் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் முதுகில் என்ன எழுதியிருக்கும், இவள் என்ன படிப்பாள், பயம் தெரியுமா, தெரியக் கூடாது என்று முதுகை நிமிர்த்தினாள். தண்ணி டேங்கு வந்தது. திரும்பணும். திரும்பணும் என்று நினைத்தாள், எதிரில் லாரி, பின்னால் பஸ் ஹாரன், ரெண்டு பிள்ளைகளோடு நடு ரோட்டில் வளைக்க மனசு வரவில்லை, அப்புறம் என்று விட்டாள். அப்புறம் ஒரு டீக்கடை போனது, ஒரு பெட்ரோல் பங்க் போனது, ஒரு கல்யாண மண்டபம் போனது, திரும்பத் தோது கிடைக்காமல் நேராகப் போய்க்கொண்டே இருந்தாள், இப்படியே போனால் சங்ககிரி, அதற்கப்புறம் பவானி, விட்டால் ராய்ப்பூர். இந்த நேரத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்று உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. அது ஒரே நேரத்தில் பயமாகவும் குளுகுளுவென்றும் இருந்தது. "ரவுண்டு போறமாம்மா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "ஆமா கண்ணு" என்றாள். மடியோரம் தொங்கின பைக்குள் போன் அடித்தது. ரெண்டு கையும் ஹேண்டிலில். அடித்து நின்றது, மறுபடி அடித்தது. அவன்தான், வேறு யார் ரெண்டு தடவை அடிப்பார்கள். ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி, ரெண்டு காலையும் தரையில் ஊன்றி, போனை எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

"போட்டோ வந்துச்சு கோகி, கறுப்பு வண்டி சூப்பரா இருக்குது. நாலு பேரு உக்காந்து பாத்தியா?" சத்தமில்லாத போன், அபூர்வம். எல்லாம் காதில் விழுந்தது, அவன் மூச்சுக்கூட. இட்டு நிரப்ப ஒன்றுமே இல்லை, அதனால் அவளாலும் எதிலும் ஒளிந்துகொள்ள முடியவில்லை. "நான் வேற ஒண்ணு பாத்திருக்கறனுங்க" என்றாள். "மொபெட்டு. ஓட்டிட்டுத்தான் வந்திருக்கறேன். ரோட்டுல நிக்கறோம்." "ஆரு ஓட்டறது?" "நான்தானுங்க." "எத்தன பேரு உக்காரலாம்?" சமாளிக்க எத்தனையோ வழி இருந்தது, நெருக்கினால் நாலு பேர் என்று சொல்லலாம், நீங்க வந்தா பெரிய வண்டியா மாத்திக்கலாம் என்று சொல்லலாம். வாய் அதையெல்லாம் தாண்டிப் போய்விட்டது. "மூணு பேருங்க" என்றாள். சொன்ன பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பஸ் போனது, இன்னொன்று போனது. வைத்துவிட்டானோ என்று போனை எடுத்துப் பார்த்தாள், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்தபோது அவன் பேசிக்கொண்டிருந்தான், குரல் தணிந்திருந்தது. "...சின்னவன் எங்க?" "முன்னால நிக்கறானுங்க." "நிக்க வெக்காத. காத்துக்குக் கண்ணு சொருவிரும், தூங்கிச் சாஞ்சான்னா அப்படியே விழுந்துருவான். முன்னால நகந்து உக்காந்து அவன மடியோட வெச்சுக்க. துப்பட்டா போட்டிருக்கறயா? அதை அவன் நெஞ்சச் சுத்தி உன்ற முதுகுக்குக் கொண்டுபோயி, திருப்பி முன்னாலயே கொண்டாந்து கட்டு. முடிச்சு உன்ற கைக்கு எட்டோணும்." போனை லவுட் ஸ்பீக்கரில் போட்டுத் தன்ஷிகாவிடம் கொடுத்தாள். அவன் சொல்லச் சொல்லச் செய்தாள், நெஞ்சைச் சுற்றி, முதுகுக்குப் பின்னால், திரும்ப முன்னால். "கட்டீட்டியா?" "கட்டீட்டனுங்க." "இழுத்துப் பாரு." இழுத்தாள். "இறுக்கமா இருக்குதா?" "இருக்குதுங்க." "இன்னொரு முடிச்சுப் போட்டுக்க" என்றான் பூபதி. அதற்குள் அந்தப் பக்கம் கம்ப்ரஸர் கிளம்பிவிட்டது, அதற்கப்புறம் அவன் சொன்னது ஒன்றும் கேட்கவில்லை. அவளும் நிரப்பிக்கொள்ளவில்லை. புளியமரத்தடியில் குனிந்து, அவன் சொன்ன அந்த இன்னொரு முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள்.